கடல் கடந்து வருவோர்: ஜப்பானிய ராட்சத மிருகப் படங்களில் பிறர் என்ற கேள்வி

கைஜு என்ற ஜப்பானியச் சொல்லுக்கு விசித்திரமான விலங்கு என்று பொருள். தோஹோ நிறுவனம் 1954 நவம்பர் 3 அன்று வெளியிட்ட ‘காட்ஜில்லா’ தொடங்கி 1975 வரை அந்த வரிசையில் 15 படங்கள் வந்தன. ரோடான், மோத்ரா போன்ற அதன் உறவுக்காரர்கள், போட்டி நிறுவனமான டாய்யேயின் காமெரா என்ற பறக்கும் ஆமை, சுபுராயா நிறுவனத்தின் ‘அல்ட்ராமேன்’ தொலைக்காட்சித் தொடர்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் இந்த வகையின் பொற்காலம் கண்முன் வந்துவிடும். கட்டடங்களை மிதித்து நொறுக்கும் வேடிக்கை என்று இவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இவற்றுக்குள் ஒரு பழைய அறக்கேள்வி இருக்கிறது: நம்மவர் அல்லாத ஒருவரை எப்படி எதிர்கொள்வது? இந்தப் படங்களில் வெளியிலிருந்து வருவது தெய்வமாக வரலாம், சாபமாகவும் வரலாம். பெயரும் ஊரும் சொந்தக் குரலும் உள்ள ஆளாக வருவதற்குத்தான் இடம் குறைவு. மிருகத்தின் சாவுக்குக் கண்ணீர் விட்ட அதே கலைஞர்கள்தான், தீவுவாசியாக நடிக்க வந்த துணை நடிகரின் முகத்தில் கறுப்புச் சாயம் பூசினார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ‘காமி’ என்ற கருத்திலிருந்து தொடங்க வேண்டும். தெய்வம் என்று அதை மொழிபெயர்த்தால் பாதிதான் சொன்னதாகும். 18ஆம் நூற்றாண்டு அறிஞர் மோட்டோரி நோரினாகா, ‘கோஜிகி’ என்ற தொன்நூலுக்கு 1798இல் எழுதி முடித்த பேருரையில் காமி எதுவென்று விளக்குகிறார். வழக்கத்தை மீறிய ஆற்றலால் அச்சமும் மலைப்பும் ஊட்டுவது எதுவோ அது காமி. மனிதர், பறவை, விலங்கு, மரம், கடல், மலை எதுவாகவும் இருக்கலாம்; நல்லதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூடக் கிடையாது. இந்த அளவுகோலில் காட்ஜில்லா சந்தேகமில்லாமல் தேறிவிடும். நன்மை, தீமை என்ற இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்குள் மிருகத்தை அடைக்க வேண்டிய கட்டாயம் முதல் ‘காட்ஜில்லா’வின் இயக்குநர் ஹோண்டாவுக்கும் அவருடைய சகாக்களுக்கும் ஏன் இருக்கவில்லை என்பதற்கு இங்கேயே பாதி விடை கிடைக்கிறது.

மீதிப் பாதி இரண்டு பழைய நம்பிக்கைகளில் இருக்கிறது. ஒன்று மரெபிட்டோ. கடலுக்கு அப்பாலுள்ள வேற்றுலகிலிருந்து பருவம்தோறும் வந்து போகும் விருந்தாளித் தெய்வத்துக்கு நாட்டாரியல் அறிஞர் ஷினோபு ஓரிகுச்சி பயன்படுத்திய சொல் இது. அகிதா பகுதியின் ஓகா தீபகற்பத்தில் ஆண்டின் கடைசி இரவில் கோர முகமூடியும் வைக்கோல் அங்கியும் அணிந்து வீடு வீடாகப் புகுந்து குழந்தைகளை மிரட்டும் நமஹாகே இந்த மரபின் உயிருள்ள எச்சம். வீட்டுக்காரர் பயந்துகொண்டே அந்த விருந்தாளிக்குச் சாக்கே ஊற்றி உபசரிப்பார். இன்னொன்று கோர்யோ, அதாவது அநியாயமாகச் செத்தவரின் ஆவி. அரசவையிலிருந்து நாடு கடத்தப்பட்டு 903இல் இறந்த சுகவாரா நோ மிச்சிசானேயின் சினமே தலைநகரில் இடியாகவும் நோயாகவும் இறங்கியது என்று நம்பினார்கள். 947இல் கியோட்டோவின் கிதானோவில் அவருக்குக் கோயில் எழுந்தது. இன்று தேர்வு எழுதும் மாணவர்கள் அங்கே போய்த்தான் வேண்டிக்கொள்கிறார்கள். செய்த அநீதியை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவரையே தெய்வமாக்கி அமைதிப்படுத்துவது இதன் தர்க்கம். அநீதி செய்தவர்கள் அதே இடத்தில் அதிகாரத்தோடு தொடர்வதற்கும் இது வழிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் ‘காட்ஜில்லா’ இந்த இரண்டு நம்பிக்கைகளையும் ஒருசேர எடுத்துக்கொள்கிறது. ஓடோ என்ற கற்பனைத் தீவில் ஒரு கிழ மீனவர், முன்பெல்லாம் மீன்பாடு குறைந்தால் கடல் மிருகத்துக்கு இளம்பெண்ணைப் பலி கொடுப்போம் என்று நிருபரிடம் சொல்கிறார். அப்போது பின்னணியில் முகமூடி நடனம் நடக்கிறது. பலியின் இடத்தில் இப்போது மிஞ்சியிருப்பது அந்தச் சடங்கு மட்டும்தான். தோக்கியோவிலிருந்து வந்த நிருபருக்கு அது பத்திரிகைச் செய்தி, கிழவருக்கு அது நினைவு. இயக்குநர் இஷிரோ ஹோண்டா சீனப் போர்முனையில் பல ஆண்டுகள் சிப்பாயாக இருந்துவிட்டு, 1946இல் ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கடந்து வந்தவர். அளவுக்கு மீறிய உயரமும் எடையும் வலிமையும் வாய்த்துவிட்டதே இந்த மிருகங்களின் சோகம், அவை வேண்டுமென்று தீமை செய்வதில்லை என்று அவர் பிற்காலத்தில் விளக்கினார். இறுதிக் காட்சியில் விஞ்ஞானி செரிசாவாவும் காட்ஜில்லாவும் கடலடியில் ஒன்றாகச் சாகிறார்கள். கப்பலில் எழுந்த வெற்றிக் கூச்சல் விரைவில் அடங்கி, அங்கே துக்கம் மட்டும் மிஞ்சுகிறது. இரண்டு ஆண்டு கழித்து வந்த ‘ரோடான்’ படத்திலும் அப்படித்தான். அசோ எரிமலையின் நெருப்புக் குழம்பில் ஒரு ரோடான் விழ, அதன் இணையும் பறந்து தப்பாமல் கூடவே எரிந்து போகிறது. அதைப் பார்த்து நிற்கும் மனிதர்கள் கைதட்டுவதில்லை.

ரப்பர் உடைக்குள் ஒரு மனிதர் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. ஹருவோ நகாஜிமா 1972 வரை தொடர்ந்து 12 படங்களில் காட்ஜில்லாவாக நடித்தார். விலங்கின் நடையைக் கற்றுக்கொள்ள உயெனோ மிருகக்காட்சி சாலைக்குப் போய்க் கரடிகளைக் கவனித்தார். முதல் உடை ஏறத்தாழ 100 கிலோ எடை. விளக்கு வெளிச்சத்தின் சூட்டில் உள்ளே சில நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. அந்தச் சொரசொரப்பான தோல், அணுகுண்டில் வெந்தவர்களின் உடலில் தடித்து எழும்பிய தழும்பை நினைவூட்டுவதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவரின் தோலையே பாதிப்பவனுக்குப் போர்த்திய அந்தத் துணிச்சல்தான் படத்தை இன்றுவரை நிற்க வைக்கிறது.

படத்தில் யாருக்கெல்லாம் குரல் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் சில ஆச்சரியங்கள் உண்டு. காட்ஜில்லா ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் எழுந்தது என்ற உண்மையை வெளியிட்டால் வெளிநாட்டு உறவு கெடும் என்று நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் வாதிடுகிறார். அவரை மறித்து, உண்மையைச் சொல்லியே தீர வேண்டும் என்று ஆவேசமாக எழுந்து கத்துகிறவர் ஒரு பெண் உறுப்பினர். நடித்தவர் கின் சுகாய். ஜப்பானியப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்து 39 பெண்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பி அப்போது எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நகர ரயிலில் பயணம் செய்யும் ஓர் இளம்பெண், நாகசாகியிலிருந்து தப்பிப் பிழைத்தவள் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். இடிபாடுகளுக்கு நடுவே குழந்தைகளை அணைத்துக்கொண்டிருக்கும் தாய், சீக்கிரம் அப்பாவிடம் போய்விடலாம் என்று ஆறுதல் சொல்கிறாள். அந்த அப்பா போரில் செத்தவர் என்பதை 1954இன் பார்வையாளருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குரல் இல்லாதவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடிக்கச் செய்த ‘காசில் பிராவோ’ குண்டின் ஆற்றல் 15 மெகாடன். அதன் சாம்பல் ‘ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றார்கள். படகில் வானொலிக் கருவியை இயக்கிய ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். ஜப்பான் முழுக்க எழுந்த கொதிப்பில்தான் ‘காட்ஜில்லா’ பிறந்தது. மீனவர் படகு ஒன்று ஒளிப்பிழம்பில் அழிவதுதான் அதன் தொடக்கம். அதே சாம்பல் ரொங்கெலாப் தீவின்மேலும் விழுந்தது. பனி என்று நினைத்துக் குழந்தைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்தே அவர்களை அப்புறப்படுத்தினார்கள். மார்ஷல் தீவுகளின் அந்த மக்கள் படத்தில் இல்லை, படத்தைச் சுற்றி எழுந்த பேச்சிலும் அதிகம் இல்லை. 1914 தொடங்கி அமெரிக்கப் படை கைப்பற்றிய 1944 வரை அந்தத் தீவுகளை ஆண்டது ஜப்பான்தான் என்பது இந்த மௌனத்தை இன்னும் கனமாக்குகிறது. அணுகுண்டுக்கு ஆளான ஒரே தேசம் என்று ஜப்பான் தன்னைச் சொல்லிக்கொண்டபோது, அதன் முன்னாள் ஆட்சிக்கு உட்பட்டிருந்தவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

ஹாலிவுட் இதே காரியத்தை ஜப்பானுக்குச் செய்தது. 1956இல் வந்த அமெரிக்கப் பதிப்பில் ரேமண்ட் பர் நடித்த ஒரு நிருபர் பாத்திரத்தைப் புதிதாக நுழைத்தார்கள். நாடாளுமன்ற வாக்குவாதம் காணாமல் போனது. அணுகுண்டு பற்றிய பேச்சு மெலிந்தது. தங்கள் சொந்தத் துயரத்தில் ஜப்பானியர்கள் பின்னணிக் கூட்டமாக ஆனார்கள். தீவுவாசிகளுக்கு ஜப்பானியப் படங்கள் கொடுத்த இடத்துக்கு இது அதிக தூரமில்லை.

தீவுவாசிகள் திரைக்கு வந்தது 1961இல், ‘மோத்ரா’வோடு. அதன் மூலக்கதையை எழுதியவர்கள் ஷினிச்சிரோ நகமுரா, தகேஹிகோ ஃபுகுநாகா, யோஷியே ஹோட்டா என்ற மூன்று தேர்ந்த இலக்கியவாதிகள். இன்ஃபண்ட் தீவில் ரோலிசிகா என்ற கற்பனை நாடு குண்டுச் சோதனை நடத்தியிருக்கிறது. ஆளே இல்லை என்று நினைத்த தீவில் மக்கள் இருக்கிறார்கள்; ஒரு சிவப்புச் சாற்றைக் குடித்துக் கதிர்வீச்சைத் தாங்கி வாழ்கிறார்கள். ரொங்கெலாப்பின் இடம் இப்படிக் கற்பனையாகத் திரும்பி வருகிறது. நெல்சன் என்ற வியாபாரி தீவின் இரு குட்டித் தேவதைகளைக் கடத்திக் கூண்டில் வைத்துத் தோக்கியோ அரங்கில் காட்சிப்பொருளாக்குகிறான். தடுக்க வந்த தீவு மக்களைச் சுட்டுத் தள்ளுகிறான். தேவதைகளாக நடித்தவர்கள் ‘தி பீனட்ஸ்’ என்ற புகழ்பெற்ற இரட்டைப் பாடகிகள். அவர்களைத் தேடிக் கடல் தாண்டி வரும் மோத்ரா, வழக்கத்துக்கு மாறாகச் சாவதில்லை. தேவதைகளை மீட்டுக்கொண்டு வீடு திரும்புகிறது. பேராசை பிடித்த பெருநாட்டுக்கு எதிராகச் சிறியவர்களின் பக்கம் நிற்கும் படம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்தச் சிறியவர்கள் யார்? கறுப்புச் சாயம் பூசிய ஜப்பானியத் துணை நடிகர்கள். அவர்கள் கற்களைத் தட்டுகிறார்கள், விழுந்து கும்பிடுகிறார்கள், ஆடுகிறார்கள், சாகிறார்கள். ஒருவருக்கும் பெயர் கிடையாது. தேவதைகள் மோத்ராவை அழைத்துப் பாடும் புகழ்பெற்ற பாடல் தொன்மையான மறைமொழி போல ஒலிக்கும். உண்மையில் அதன் சொற்கள் மலாய்-இந்தோனேசிய மொழிச் சொற்கள். கோடிக்கணக்கானோர் கடைத்தெருவில் பேசும் மொழி அது. ஜப்பானியப் படை 1942 முதல் 1945 வரை ஆக்கிரமித்திருந்த மண்ணின் மொழி, படம் வந்தபோது வெறும் 16 ஆண்டுகள் கழிந்த நிலையில், யாருக்கும் புரியாத மந்திரமாக மாறியிருந்தது. இந்த வகைப் படங்களில் பிரதிநிதித்துவம் எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று தேட வேண்டியதில்லை.

தமிழில் பிரதிநிதித்துவம், சித்தரிப்பு என்று இரண்டு சொற்கள் இருப்பது இங்கே உதவுகிறது. முதலாவது ஒருவருக்காகப் பேசுவது. இரண்டாவது அவரைப் படமாகக் காட்டுவது. ‘மோத்ரா’ தீவு மக்களுக்காகப் பேசுகிறது, நியாயமாகவே பேசுகிறது. அவர்களைச் சித்தரிக்கும் இடத்தில்தான் கோட்டை விடுகிறது. அதே 1961இல் பிரெஞ்சு தத்துவவாதி எம்மானுவேல் லெவினாஸ் ‘முழுமையும் முடிவின்மையும்’ என்ற நூலை வெளியிட்டார். அறம் தொடங்குவது எதிரிலிருப்பவரின் முகத்தில் என்பது அவர் வாதம். அந்த முகத்தை அறிவதற்கு முன்பே அது கொல்லாதே என்று கட்டளையிட்டுவிடுகிறது. எந்த வகைப்பாட்டுக்குள்ளும் அதை முழுதாக அடக்க முடியாது. சாயம் பூசிய முகம் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. அங்கே முகம் என்று ஒன்றே இல்லை, வகை மட்டும்தான் இருக்கிறது. லெவினாஸின் வாதத்தில் வேறு சங்கடமும் உண்டு. விலங்குக்கு இத்தகைய முகம் உண்டா என்ற கேள்விக்கு அவரிடம் உறுதியான விடை இல்லை. ஜப்பானியப் படங்கள் அந்த இடத்தில் தடுமாறவே இல்லை. காட்ஜில்லாவுக்கு முகம் உண்டு, பக்கத்துத் தீவுக்காரருக்கு இல்லை.

அடுத்த ஆண்டு வந்த ‘கிங் காங் எதிர் காட்ஜில்லா’ இதைப் பகடியாக மாற்றிக்கொண்டது. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு விளம்பரம் தேடும் மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆட்கள் ஃபாரோ தீவுக்குப் போய், தலைவருக்கு டிரான்சிஸ்டர் ரேடியோவையும் சிகரெட்டையும் நீட்டுகிறார்கள். கேலிக்கு இலக்கு வியாபாரிகள்தான். என்றாலும் சிரிப்பில் பாதி சாயம் பூசிய தீவுவாசிகளின் செலவில் வருகிறது. 1930களில் சிறுவர்களிடையே கொடிகட்டிப் பறந்த ‘சாகச தங்கிச்சி’ என்ற படக்கதையில் ஒரு ஜப்பானியச் சிறுவன் தென்கடல் தீவுக்கு அடித்துச் செல்லப்பட்டு அங்கேயே ராஜாவாகிவிடுவான். அதைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் இந்தப் படங்களை எடுத்தது. டாய்யேயின் ‘காமெரா எதிர் பருகோன்’ (1966) இந்தப் பழைய கணக்கைத் தெரிந்தோ தெரியாமலோ இன்னும் வெளிப்படையாகப் பேசியது. போர்க்காலத்தில் நியூ கினியாக் குகையில் ஒரு சிப்பாய் மறைத்து வைத்த ஓபல் கல்லை எடுக்க மூன்று ஜப்பானியர் போகிறார்கள். கிராமத்தார் தடுத்தும் கேட்பதில்லை. கல் என்று நினைத்தது மிருகத்தின் முட்டை. பேரழிவு அந்த மண்ணிலிருந்து திருடிக்கொண்டு வந்த பொருளிலிருந்து பிறக்கிறது.

இந்த வகையின் மிக நேர்மையான காட்சி 1964இன் ‘மோத்ரா எதிர் காட்ஜில்லா’வில் இருக்கிறது. கரை ஒதுங்கிய மோத்ராவின் முட்டைக்குக் கோழிமுட்டை விலையை வைத்துக் கணக்குப் போட்டு மீனவர்களிடம் வாங்கிய ஒரு முதலாளி, அதைத் திருப்பித் தர மறுக்கிறான். தேவதைகள் வெறுங்கையோடு போகிறார்கள். பிறகு காட்ஜில்லா வருகிறது. அப்போது நிருபர் சகாய், புகைப்படக்காரி ஜுன்கோ, பேராசிரியர் மியுரா மூவரும் உதவி கேட்டு இன்ஃபண்ட் தீவுக்குப் போகிறார்கள். தீவு சாம்பலாகக் கிடக்கிறது; செடி கொடி இல்லை; எலும்புகள் மட்டும். தலைவர் ஒரே வார்த்தையில் மறுக்கிறார். சாத்தானின் நெருப்பைக் கொளுத்தி இந்த மண்ணைப் பாழாக்கியவர்கள் நீங்கள்; உங்களை ஏன் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி. தேவதைகளும் மறுக்கிறார்கள். ஜப்பானியர் இங்கே குண்டு போட்டவர்களின் வரிசையில், வெளியாட்களோடு ஒன்றாக நிற்கிறார்கள். பாதிக்கப்பட்ட தேசம் என்ற சலுகை அந்தத் தீவில் செல்லுபடியாகவில்லை. செத்துக்கொண்டிருப்பவர்களில் குற்றமற்றவர்களும் இருக்கிறார்கள் என்று ஜுன்கோ மன்றாடுகிறாள். இறுதியில் சம்மதிப்பது மோத்ரா.

இதில் ஒரு குறை உண்டு. மன்னிப்பது தெய்வம், மறுத்த மக்களிடம் யாரும் திரும்பக் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவர் சார்பில் இன்னொருவர் மன்னிக்க முடியுமா என்பது அறவியலின் பெரிய சிக்கல்களில் ஒன்று. படம் அதை அந்துப்பூச்சியின் சிறகில் ஏற்றித் தாண்டிவிடுகிறது. அதே ஆண்டின் இறுதியில் வந்த ‘கிடோரா’வில் இந்த உரையாடல் மிருகங்களுக்குள்ளேயே நடக்கிறது. பூமியைக் காப்பாற்ற வா என்று மோத்ரா கூப்பிட, மனிதர்கள் எங்களை எப்போதும் வெறுத்தே வந்திருக்கிறார்கள், அவர்களுக்காக நாங்கள் ஏன் சண்டை போட வேண்டும் என்று காட்ஜில்லாவும் ரோடானும் கேட்கின்றன. தேவதைகள் மொழிபெயர்க்க, மனிதர்கள் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேடிக்கையான காட்சிதான்; ஆனால் இன்ஃபண்ட் தீவுத் தலைவருக்குக் கிடைத்ததைவிட நீண்ட வாதம் ஒரு பல்லிக்குக் கிடைத்திருக்கிறது.

ஜப்பானுக்கு உள்ளேயே இருந்த பிறர் கதை இதைவிடச் சுருக்கமானது. ஹோண்டா இயக்கிய ‘பனிமனிதன்’ (1955) மலைக்குள் ஒதுங்கி வாழும் ஒரு கூட்டத்தை முரட்டு மனிதர்களாகவும் உடற்குறை உள்ளவர்களாகவும் காட்டியது. தீண்டாமைக்கு ஆளான புராக்கு மக்களை அது நினைவூட்டுகிறது என்ற சங்கடத்தால் தோஹோ அதை ஜப்பானில் வீட்டுக் காணொளியாக வெளியிட்டதே இல்லை. ‘வரான்’ (1958) படத்தில் வடகிழக்கு மலைக்கிராமத்தார் பரதாகி என்ற தெய்வத்தை வணங்குகிறார்கள். தோக்கியோவிலிருந்து வந்தவர்கள் அதை மூடநம்பிக்கை என்கிறார்கள். தெய்வம் நிஜமாகவே ஏரியிலிருந்து எழுந்து வருகிறது. கொரிய வம்சாவளியினர் இந்தப் படங்களில் தென்படுவதே இல்லை. ஐனு மக்களும் அப்படித்தான், ஒரு விலக்கோடு. காட்ஜில்லாவின் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே ஹொக்கைடோவின் ஓடோஃபுகேவில் ஐனு மக்களின் பாட்டையும் ஆட்டத்தையும் கேட்டு வளர்ந்தவர். ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தும் அவருடைய பாணியில் அந்தப் பிள்ளைப் பருவம் கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஐனு, காதுக்கு வருகிறார்கள்.

வெள்ளையர்கள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். பெரிய வேடம் என்றால் அமெரிக்காவிலிருந்து நடிகரை வரவழைத்தார்கள். சின்ன வேடம் என்றால் தோக்கியோவில் குடியிருந்த எவரையாவது பிடித்தார்கள். ‘மிஸ்டீரியன்கள்’ (1957) படத்தில் வரும் ஜார்ஜ் ஃபர்னெஸ், தோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் மமோரு ஷிகெமிட்சுவுக்காக வாதாடிய வழக்கறிஞர். 1965இல் நிக் ஆடம்ஸ் விண்வெளி வீரர் கிளென்னாக வந்தபோது அவர் ஆங்கிலத்தில் பேச, அகிரா தகரதா ஜப்பானிய மொழியில் பதில் சொல்லப் படப்பிடிப்பு நடந்தது. கிளென் நண்பன், ஜப்பானியப் பெண் வேடத்தில் இருக்கும் வேற்றுக்கிரகவாசியின் காதலன், தோளோடு தோள் நிற்பவன். அன்னியரை ஆளாகக் காட்டும் கலை தோஹோவுக்குத் தெரியாததல்ல என்பதற்கு அவரே சாட்சி.

ஒகினாவா வேறு வகைக் கேள்வி. 1879இல் ஜப்பான் இணைத்துக்கொண்ட ரியூக்யூ அரசு அது. 1945இல் பெரும் போர்க்களம். 1972 மே 15 வரை அமெரிக்க ஆட்சி. இரண்டு ஆண்டு கழித்து, அங்கே கடல் பொருட்காட்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஜுன் ஃபுகுதாவின் ‘காட்ஜில்லா எதிர் மெக்காகாட்ஜில்லா’ வந்தது. வீட்டுக் கூரைகளில் காவலுக்கு வைக்கும் ஷீசா என்ற சிங்கநாய் உருவமே இதில் கிங் சீசர் என்ற மிருகமாகிறது. அசுமி அரச வம்சத்து முதியவர், தங்கள் குலத்தை அழிக்கப் பார்த்த யாமாதோக்காரர்கள்மேல், அதாவது பெருந்தீவு ஜப்பானியர்மேல், உள்ள கசப்பை மறைப்பதில்லை. அவர்களைக் காப்பாற்ற எங்கள் தெய்வத்தை எதற்கு எழுப்ப வேண்டும் என்பதே அவர் மனநிலை. கதை நகர வேண்டும் என்பதால் பேத்தி நாமி கடற்கரையில் நின்று பாடி சீசரை எழுப்புகிறாள். இன்ஃபண்ட் தீவில் கேட்ட அதே கேள்வி, இந்தத் தடவை நாட்டின் எல்லைக்குள்ளேயே கேட்கிறது.

ஒகினாவாவில் வளர்ந்து, சிறுவனாக அந்தப் போரைக் கண்ட டெட்சுவோ கின்ஜோ ‘அல்ட்ராமேன்’ தொடர்களின் தலைமை எழுத்தாளராக இருந்தார். 1968 ஜூலையில் ஒளிபரப்பான ‘அல்ட்ராசெவன்’ 42ஆம் பகுதியில் அவர் எழுதியது சிறுவர் தொடரில் யாரும் எதிர்பாராதது. கடலடியில் வாழும் நோன்மால்ட்டுகள்தான் பூமியின் ஆதிக்குடிகள், மனிதர்களே அவர்களைத் துரத்திய வந்தேறிகள் என்று ஒரு சிறுவன் எச்சரிக்கிறான். பூமிப் படையின் தளபதி கிரியாமா ஒரு கணம் தயங்குகிறார். பிறகு கடலடி நகரத்தை அழித்துவிட்டு, கடலும் இனி நமதே என்று முழங்குகிறார். உண்மை என்னவென்று தொடர் உறுதிசெய்வதில்லை. எச்சரித்த அந்தச் சிறுவன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடலில் மூழ்கி இறந்தவன் என்பது கடைசியில் தெரியவருகிறது. கின்ஜோ அடுத்த ஆண்டு ஒகினாவாவுக்கே திரும்பிப் போனார். 1976இல், 37 வயதில் இறந்தார்.

துக்கம் யாருக்கு என்ற கேள்வியை இந்தத் தொடர்கள் நேரடியாகவே எடுத்துக்கொண்டன. ஜப்பானில் குயோ என்ற நினைவு வழிபாடு மனிதருக்கு மட்டும் உரியதல்ல. உடைந்த தையல் ஊசிகளுக்குப் பிப்ரவரி 8 அன்று குயோ உண்டு. பழைய பொம்மைகளுக்கு உண்டு. யாமகுச்சி மாவட்டம் நாகாதோவின் கயோய் ஊரில், வெட்டிய திமிங்கிலங்களின் வயிற்றில் இருந்த குட்டிகளுக்கு 1692இல் எழுப்பிய கல்லறை இன்னும் இருக்கிறது. காட்ஜில்லாவின் ஜப்பானியப் பெயரான கோஜிராவில் பாதி, குஜிரா என்ற திமிங்கிலம்தான். ‘அல்ட்ராமேன்’ 35ஆம் பகுதியில், கொன்று தீர்த்த மிருகங்கள் விண்வெளியில் அனாதையாக மிதப்பதைப் பார்த்த காவல் படையினர், திரும்பி வந்து படங்களை வரிசையாக வைத்து, பிக்குவை அழைத்து மந்திரம் ஓதச் செய்து, ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். அவற்றைக் கொன்ற அல்ட்ராமேனே ஹயாதா என்ற மனித உருவில் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து மனதுக்குள் மன்னிப்புக் கேட்கிறான். இதை உருக்கம் என்றும் சொல்லலாம், கொன்ற பின் கும்பிடும் வசதி என்றும் சொல்லலாம். திமிங்கிலக் கல்லறை கட்டியவர்கள் வேட்டையை நிறுத்திவிடவில்லை.

அந்தப் பகுதியைச் செய்த இயக்குநர் அகியோ ஜிசோஜியும் எழுத்தாளர் மமோரு சசாகியும் சேர்ந்து செய்த 23ஆம் பகுதி அந்த வசதியை மறுக்கிறது. விண்வெளிப் பந்தயத்தில் தொலைந்துபோன வீரன் ஜமீலாவைத் தேசம் கைவிட்டு மறைத்துவிட்டது. நீரற்ற கோளில் மிருகமாக மாறிப் பழிவாங்கத் திரும்புகிறான். அவன் மனிதன் என்பதை வெளியே சொல்லாமல் மிருகமாகவே கொன்றுவிடு என்று உத்தரவு வருகிறது. அல்ட்ராமேனின் நீர்த்தாரையில் சேற்றில் புரண்டு, குழந்தை அழுவது போன்ற ஓலத்தோடு, மாநாட்டு மண்டபத்து நாடுகளின் கொடிகளைப் பற்றி இழுத்தபடி சாகிறான். அவனுக்கு அழகிய வாசகங்களோடு கல்லறைத் தகடு வைக்கிறார்கள். படையின் கோமாளியான இடே என்ற வீரன் மட்டும் மற்றவர்களோடு போகாமல் நின்று, தியாகிகளுக்கு இவர்கள் எழுதும் வார்த்தைகள் எப்போதும் அழகாகத்தான் இருக்கும் என்று கசப்போடு சொல்கிறான்.

சித்தரிக்கப்பட்டவர்களே எழுந்து ஆட்சேபித்த நிகழ்வும் உண்டு. 1967 டிசம்பரில் ஒளிபரப்பான ‘அல்ட்ராசெவன்’ 12ஆம் பகுதியில், அணு ஆயுத விபத்தில் இரத்தம் கெட்டுப்போன வேற்றுக்கோள்வாசிகள் உடலில் தழும்புகளோடு பூமிக்கு வந்து மனித இரத்தத்தைத் திருடுகிறார்கள். அணு ஆயுதத்துக்கு எதிராக எழுதியதுதான். 1970இல் ஒரு சிறுவர் இதழின் இணைப்பு அவர்களை ‘கதிர்வீச்சுக்கு ஆளான வேற்றுக்கிரகவாசி’ என்று பெயரிட்டு அச்சிட்டபோது, ஹிபாகுஷா என்ற அணுகுண்டுத் தாக்குதலுக்கு ஆளானோரின் அமைப்புகள் கொதித்தெழுந்தன. திருமணச் சந்தையிலும் வேலையிலும் தங்கள் இரத்தம் கெட்டது என்ற ஒதுக்குதலை அனுபவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அது வெறும் உருவகமாகப் படவில்லை. 1954இல் காட்ஜில்லாவின் தோலில் ஏறிய தழும்புக்கு யாரும் இப்படி எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை; கடலிலிருந்து எழுந்த காமிக்கு அந்தத் தழும்பு பொருந்தியது, ஆள் உருவில் பக்கத்து வீட்டுக்கு வந்தவருக்குப் பொருந்தவில்லை. சுபுராயா நிறுவனம் அந்தப் பகுதியை விலக்கிக்கொண்டது. அதிகாரபூர்வ வெளியீடுகளில் 11க்கு அடுத்து இன்றும் 13தான்.

காட்ஜில்லா போரில் கடலில் மாண்ட ஜப்பானியச் சிப்பாய்களின் ஆவி என்று விமர்சகர் சபுரோ கவாமோட்டோ ஒரு வாசிப்பை முன்வைத்தார். அதனால்தான் முதல் படத்தில் அது தோக்கியோவையெல்லாம் எரித்தும் அரண்மனையைத் தொடாமல் திரும்புகிறது என்றார். கோர்யோ நம்பிக்கையின் நவீன வடிவம் இது. 2001இல் ஷூசுகே கனேகோ இயக்கிய காட்ஜில்லா படம் இந்த வாசிப்பைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்தது. பசிபிக் போரில் உயிரிழந்த எண்ணற்றவர்களின் ஆவிகள் காட்ஜில்லாவுக்குள் குடியேறியிருக்கின்றன என்கிறார் முதியவர் இசாயாமா; அவர்களின் ஓலத்தை ஜப்பானியர் மறந்துவிட்டதால் அது வந்தது என்கிறார். அந்த எண்ணற்றவர்களில் ஜாவாவிலும் நியூ கினியாவிலும் மார்ஷல் தீவுகளிலும் செத்தவர்கள் உண்டா என்று படம் பிரித்துச் சொல்வதில்லை. காட்ஜில்லாவின் உடல் சிதறிய பிறகு, கடைசிக் காட்சியில் கடலடி மணலில் அதன் இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருக்கிறது.